பூனைக்குட்டி வருமுன் வாங்க வேண்டியவை: அனுப்பாமல் நின்ற ஒரு பட்டியல்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தம்பி சென்ற மாதம் ஒரு நாள் மதிய உணவு வேளையில், ஊரிலிருந்து ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, அது வருவதற்குள் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருமாறு கேட்டார். 3 வருடமாகப் பூனை வளர்ப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது புதிதல்ல. அன்று மாலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் கைப்பேசியை எடுத்தேன். தூக்கிச் செல்லும் கேரியர் பெட்டி, கழிவுத் தட்டு, அதில் பரப்பும் லிட்டர் மண், மண் அள்ளும் கரண்டி, உலர் உணவு, ஈர உணவு, 2 கிண்ணங்கள், படுக்கை, நகம் கீறும் கட்டை, சீப்பு, நகவெட்டி, கழுத்துப் பட்டை, பந்து, இறகுக் குச்சி என்று குரோம்பேட்டை வருவதற்குள் 14 வரிகள் ஆகியிருந்தன. அனுப்பப் போகும் நேரத்தில் கை நின்றுவிட்டது. எங்கள் பூனை மிளகு குட்டியாக வீட்டுக்கு வந்த நாளில் அந்த 14 பொருள்களும் எங்கள் வீட்டில் தயாராக இருந்தன. வந்த முதல் 2 நாள்களில் அவற்றில் ஒன்றைக்கூட அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பட்டியல் தவறு என்று சொல்ல முடியாது. இன்றைக்கு அவற்றில் பெரும்பாலானவை எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகின்றன. ஆனாலும் அதை அப்படியே அனுப்பினால், நான் அரைகுறையாகச் செய்த பிழையை அந்தத் தம்பி ஒழுங்காகவும் முழுமையாகவும் செய்துவிடுவார் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அந்தப் பிழை இன்னதென்று சொல்வதற்கு, எங்கள் அடுக்ககத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

வண்டிக்கு அடியில்

மிளகு பிறந்தது அந்த வண்டியின் கீழ்த்தட்டில். கரி மூட்டை, நைந்துபோன கம்பளித் துண்டுகள், யாரும் திரும்பக் கேட்டு வராத துணிகள் ஆகியவற்றுக்கு நடுவே, ஆவணி மாதத்தில் ஒரு தெருப்பூனை 3 குட்டிகளைப் போட்டது. இஸ்திரி போடும் அக்கா அவற்றைத் துரத்தவில்லை. பெட்டிக்குக் கரி மூட்டும்போது பொறி தெறிக்காதபடி ஓர் அட்டையைச் சாய்த்து வைத்தார். மீன் வாங்கும் நாளில் தலையைச் சோற்றில் பிசைந்து போட்டார். ஐப்பசி பிறந்து வானம் மூடத் தொடங்கியபோது 2 குட்டிகளுக்கு வீடு கிடைத்திருந்தது. மிஞ்சிய ஒன்றைக் காட்டி, "மழை புடிச்சிக்கிச்சின்னா இது தாங்காதும்மா, நீ தூக்கிட்டுப் போயேன்" என்று அக்கா கேட்டபோது, என் மகள் அதற்கு ஏற்கெனவே மிளகு என்று பெயர் வைத்துவிட்டிருந்தாள். குட்டிக்கு 8 வாரம் நிறையாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் அறிந்திருந்தேன். கணக்குப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தை நான் கடைகளில் செலவிட்டேன்.

மொத்தம் 6,800 ரூபாய் ஆயிற்று. கடைக்காரர் எடுத்துக் காட்டிய லிட்டர் மண்ணில் சாதாரணமானதும் இருந்தது, லாவண்டர் மணம் சேர்த்ததும் இருந்தது. வீட்டில் வாடை வராது என்று அவர் உறுதியளித்ததால் மணம் சேர்த்ததையே வாங்கினேன். வாடை வெளியே வராமலிருக்க மூடி போட்ட தட்டு. துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தக்கூடிய, ரோஜா நிறத்தில் புசுபுசுவென்று ஒரு படுக்கை. மணி கோத்த கழுத்துப் பட்டை. இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அந்த வாரம் முழுவதும் கடையில் என் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் 'வாடை' என்பதுதான் என்று தோன்றுகிறது. கேரியர் என்றால் சாப்பாட்டுக் கேரியர் என்று அதுவரை நினைத்திருந்த என் அம்மா, பூனைக்கு ஒரு கேரியர் வந்து இறங்கியதைக் கண்டு, "உன் பிரசவத்துக்குக்கூட நான் இவ்வளவு சாமான் வாங்கலை" என்றார். ஆனால் அவரும் தம் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு முழுவதையும் பினாயில் ஊற்றி 2 முறை துடைத்தார். புதுத் தட்டையும் அதே பினாயில் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். புது உயிர் வரும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். அதில் நான் குறை காணவில்லை, கூடவே நின்று வாளி தூக்கியவள் நான்.

பத்து மணிவாக்கில் அக்கா மிளகைத் தூக்கிக் கேரியருக்குள் விட்டார். விடும்போது, அவள் படுத்திருந்த கருகல் படிந்த கம்பளித் துண்டையும் உள்ளே திணித்தார். வீட்டுக்கு வந்து கேரியரைத் திறந்ததும் அம்மா அந்தக் கம்பளித் துண்டை இரண்டு விரலால் பிடித்து எடுத்துச் சென்று சோப்புத் தூளில் ஊற வைத்துவிட்டார். மதியத்துக்குள் அது வெளுத்த சாம்பல் நிறத்தில் பால்கனிக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பீரோவுக்கு அடியில் 2 நாள்

கேரியரைவிட்டு வெளியே வந்த மிளகு நேராக இரும்புப் பீரோவின் அடியில் போய் மூலையோடு ஒட்டிக்கொண்டாள். புதிதாக வரும் குட்டி ஒளிந்துகொள்வது இயல்புதான் என்று படித்திருந்ததால் முதல் சில மணி நேரம் எங்களுக்குக் கவலை இல்லை. கிண்ணத்தில் வைத்த உணவு அப்படியே காய்ந்தது. இரவு 11 மணிக்குக் கத்தத் தொடங்கினாள். தெருவில் கேட்கும் பூனைக் கத்தல் வேறு. 8 வாரக் குட்டி ஒன்று பதில் வரும் என்று நம்பி ஓரிடத்திலிருந்து ஒரே சுருதியில் கத்துவது வேறு. இடையிடையே நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பாள், பிறகு மறுபடி தொடங்குவாள். 3 மாடிக்குக் கீழே அவளுடைய தாய் இருந்தது என்பதை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம், அதனால் யாரும் யாரோடும் பேசவில்லை.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். உலர் உணவில் நாலைந்து மணிகள் குறைந்திருந்தன. மூடி போட்ட தட்டில் மண் கலையவே இல்லை. தட்டின் வாசல்வரை ஒரு முறை வந்து, முகத்தைச் சுளித்துத் தலையை உதறித் திரும்பிப் போனதை என் மகள் பார்த்திருக்கிறாள். வாசலில் கிடந்த பழந்துணி மிதியடியில் மட்டும் ஒரு சிறு ஈரம் இருந்தது. செருப்புத் தூசியும் தெருப்புழுதியும் படிந்து, எங்கள் வீட்டில் பினாயில் படாமல் தப்பித்திருந்த ஒரே பொருள் அந்த மிதியடிதான் என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, இவ்வளவு சிறிய குட்டி ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நாளைக் காலையிலும் இப்படியே இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். இறகுக் குச்சியைப் பீரோவுக்கு அடியில் விட்டு ஆட்டிப் பார்த்தேன். அவள் இன்னும் உள்ளே போனாள்.

அன்று மாலை 7 மணி இருக்கும். அக்காவின் பேரன், போன வாரம் போட்டிருந்த துணிகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்தான். பழைய வேட்டியில் கட்டிய மூட்டை. கணக்குப் பார்த்துக் காசு கொடுப்பதற்காக அதை வாங்கிக் கூடத்தில் தரையிலேயே வைத்தேன். மூட்டையில் இன்னும் சூடு இருந்தது. சில்லறை எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது என் மகள் உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள். பீரோவின் அடியிலிருந்து மிளகு வெளியே வந்துகொண்டிருந்தாள். வயிறு தரையில் உரச, நாலு அடி வைத்து நின்று, மூக்கை உயர்த்தி, மறுபடி நாலு அடி. மூட்டையின் முடிச்சை முகர்ந்தாள். வாயைச் சற்றே திறந்தபடி அசையாமல் நின்றாள். பிறகு கன்னத்தை முடிச்சில் வைத்து ஒரு தேய், மறு கன்னத்தை வைத்து ஒரு தேய். முன்னங்காலால் பற்றி மேலே ஏறி, வேட்டித் துணியை இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றிப் பிசைந்து, சுருண்டு, 2 நிமிடத்துக்குள் தூங்கிப்போனாள். பையன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காசை வாங்கிக்கொள்ள மறந்து கீழே ஓடிவிட்டான்.

நான் அந்தக் காசை எடுத்துக்கொண்டு கீழே போனபோது அவன் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. மேசைமேல் விரித்திருந்த கம்பளியின் ஓரத்தில் ஒரு முழம் கத்தரித்துக் கொடுத்தார். பிறகு கரி கொட்டும் மூலையில் ஆறிக்கிடந்த சாம்பலை இரண்டு கை அள்ளி, காலிப் பால் பாக்கெட் ஒன்றில் போட்டு நீட்டி, "இதுலதாம்மா போவும்" என்றார்.

மூடியைக் கழற்றி எறிந்தேன். தட்டை வெறும் தண்ணீரில் நாலு முறை கழுவி உலர்த்தி, பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் கொஞ்சம் கேட்டு வாங்கிப் பரப்பி, மேலே சாம்பலைத் தூவினேன். மிளகு விழித்ததும் அதற்குள் தூக்கி விட்டேன். முன்னங்காலால் 2 முறை பறித்தாள், இடம் பிடிக்கவில்லைபோலும், திரும்பி வேறோர் இடத்தில் பறித்தாள், உட்கார்ந்தாள். அப்படி உட்காரும்போது பூனைகள் எங்கோ தொலைவில் ஒரு புள்ளியைப் பார்க்குமே, அந்தப் பார்வை. முடித்ததும் சாம்பலை இழுத்து இழுத்து மூடினாள். இரவு 9 மணிக்கு ஒரு கிண்ணம் உணவை உறுமிக்கொண்டே தின்றாள்.

மூக்கால் அறிந்த வீடு

பூனைக்குட்டி கண் மூடிப் பிறக்கிறது, காதும் அடைபட்டிருக்கிறது. கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது உலகத்தை மூக்கால்தான் அறிகிறது. பிறந்த சில நாள்களுக்குள்ளேயே ஒவ்வொரு குட்டியும் தாயின் மடியில் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி மறுபடி அதே காம்பை மணத்தால் தேடிப் போகிறது. மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால் திறக்கும் தனி முகர்வு உறுப்பு ஒன்றும் அதற்கு உண்டு. மிளகு வாயைத் திறந்துகொண்டு நின்றது அதனால்தான். கன்னத்திலும் முகவாயிலும் சுரப்பிகள் இருக்கின்றன, தேய்க்கும்போது அவை பொருள்மேல் தன் மணத்தைப் பூசுகின்றன. தனக்குத் தெரிந்த மணம் இருக்கும் இடம் வீடு, இல்லாத இடம் காடு. நாங்கள் 2 நாள் முயன்று அவளுக்கு ஒரு காட்டைத் தயாரித்திருந்தோம். ஒரு மணமும் இல்லாத புது பிளாஸ்டிக், அதன்மேல் பினாயில், அதற்குள் லாவண்டர். அவளுக்குத் தெரிந்த ஒரே பொருளைக் கொடியில் துவைத்துக் காயப்போட்டிருந்தோம்.

சாம்பல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மரக்கரிச் சாம்பல் ஈரம் பட்டால் காரமாகும். குட்டியின் பாதத்தை அரிக்கும், பாதத்தை நக்கும்போது நாக்கையும் பதம் பார்க்கும். அதனால் ஒரு தூவல் போதும், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். 5 நாளில் நிறுத்தினோம். அதற்குள் அடியில் இருந்த மணலோடு மணம் சேர்க்காத லிட்டர் மண்ணைச் சிறிது சிறிதாகக் கலந்து முழுவதும் மாற்றிவிட்டோம். அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்த லிட்டர் மண் என்ற சரக்கே சாம்பலிலிருந்து தப்பிக்க வந்ததுதான் என்பதைப் பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கசோபோலிஸ் என்ற சிற்றூரில், பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் பூனைப் பெட்டிக்குச் சாம்பல் போட்டு, வீடெங்கும் கரிய பாதத் தடங்களாகிச் சலித்துப்போய், எட் லோ என்பவரிடம் மணல் கேட்டு வந்தார். அது குளிர்காலம், மணல் கிடைக்கவில்லை. எட் லோவின் குடும்பம் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் உறிஞ்சும் பொருள்கள் விற்றுவந்தது. அவர் அதிலிருந்த களிமண் மணிகளைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்தக் களிமண், நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மிட்டியின் இனம். அதிலிருந்துதான் இந்த வியாபாரமே கிளைத்தது. இன்று நம் கடைகளில் அதிகம் விற்கும், ஈரம் பட்டதும் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும் வகை பெண்டோனைட் களிமண். அது குஜராத்தின் கட்சு மாவட்டத்தில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படுகிறது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்துக் குட்டிக்கு இந்தக் கட்டிக்கொள்ளும் வகை ஆகாது, வயிற்றுக்குள்ளும் அது கட்டிக்கொள்ளும். முதல் சில வாரங்களுக்குக் கட்டாத வகையே நல்லது.

தட்டைப் பற்றி என் கருத்து இன்னும் கறாரானது. மூடி போட்ட தட்டு பூனைக்காக உருவானதன்று. விருந்தாளிகளின் மூக்குக்காக உருவானது. வாடையெல்லாம் உள்ளே தேங்கும், போய்வரும் வாசல் ஒன்றே ஒன்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் 120 ரூபாய்க்கு ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டி வாங்கி, ஒரு பக்க விளிம்பைக் குட்டி ஏறும் உயரத்துக்கு அறுத்து, அறுத்த ஓரத்தைச் சிராய்க்காமல் தேய்த்துவிட்டேன். மிளகு வளர்ந்த பின்னும் அதுதான் ஓடுகிறது. வாடைக்கு மருந்து லாவண்டர் அல்ல, நாளுக்கு 2 முறை அள்ளுவதுதான். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் டாக்சோபிளாஸ்மா பற்றிப் பயப்படுவார்கள். பூனையின் மலத்தில் வெளிப்படும் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது எடுக்கும் என்பதால், அன்றன்றைக்கு வேறொருவர் அள்ளிவிடுவதே பாதிப் பாதுகாப்பு.

வாங்குவதற்கு முன் அகற்றுவது

பினாயில் கதை அதோடு முடியவில்லை. பூனையின் கல்லீரல் பீனால் வகைப் பொருள்களை நம்முடையதைப்போல் முறித்து வெளியேற்றாது. அதற்குத் தேவையான நொதி அதனிடம் மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும் என்பதற்கும் இதே குறைதான் காரணம். தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கறுப்புப் பினாயிலில் இருப்பது தாரிலிருந்து எடுத்த இந்தப் பீனால் இனம். துடைத்த தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும், அவ்வளவுதான் வழி. இத்தனைக்கும், குட்டிகளை அதிகம் கொல்லும் பன்லூக்கோபீனியா வைரஸை அது ஒன்றும் செய்வதில்லை. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குளோரின் சேர்ந்த வெளுப்புக் கரைசல்தான் அதை அழிக்கும். அதையும் பிறகு நல்ல தண்ணீரால் அலசிக் காயவிட வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. மருத்துவர் வாயால் கேட்ட பிறகுதான் பினாயில் புட்டியைக் கழிவறையின் மேல்தட்டுக்கு ஏற்றினார். பீரோவில் துணிகளுக்கிடையே போட்டிருந்த அந்துருண்டைகளையும் பொறுக்கி எடுத்தார், அவையும் பூனைக்கு நஞ்சு.

அவர் எதிர்பாராத இன்னொன்று பூ. வெள்ளிக்கிழமை தோறும் வாங்கும் மல்லிகைச் சரம் வாடியதும் சுவாமி படத்திலிருந்து எடுத்து ஓரமாகப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். பூவினால் ஒன்றுமில்லை, கட்டிய நூல்தான் எமன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்தவை. நாக்கில் மாட்டிய நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூல் ஓரிடத்தில் சிக்கினால் குடல் பாவாடைக் கொசுவம்போல் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். தையல் ஊசி நூல், பட்டத்து நூல், மூக்குக்கவசத்தின் ரப்பர் வளையம் எல்லாம் இதே கணக்கு. நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் ஊற்றும் மருந்துகளில் சிலவற்றில் பூனைக்கு நஞ்சான பெர்மெத்ரின் இருக்கும். அந்தப் புட்டி நாய் வளர்த்த வீட்டில் மிஞ்சியிருந்தால் பூனைக்குட்டி வருமுன் அப்புறப்படுத்துவது நல்லது.

பால்கனியையும் சொல்ல வேண்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்து 5 மாதத்தில் ஒரே மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்ற செய்திதான் எங்கும் பரவியது. நெஞ்சு அடிபட்டும் தாடை உடைந்தும் கால் முறிந்தும் அவை பிழைத்தன என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. புறாவுக்குக் கட்டும் நைலான் வலை எங்கள் பால்கனியில் ஏற்கெனவே இருந்தது. ஜன்னலின் கொசுவலையை நம்பக் கூடாது, 6 மாதப் பூனையின் நகம் அதை ஒரே கிழியில் கிழிக்கும்.

மிச்சப் பொருள்கள்

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியவை எனக்கு மிகவும் சுருங்கித் தெரிகின்றன. கேரியர் அவசியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஒயர் கூடையிலும் கட்டைப்பையிலும் குட்டியை வைத்து ஆட்டோவில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கெட்டிப் பிளாஸ்டிக்கில், மேல்பக்கமும் திறக்கும் வகையாக இருந்தால் மருத்துவர் மேசையில் குட்டியைக் காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்காது. வந்த பின் அதைப் பரணில் ஏற்றிவிடாமல் கதவைத் திறந்தபடி அறையிலேயே போட்டு வைத்தால் அதுவே ஒரு பொந்தாகிவிடும். 1,100 ரூபாய்ப் படுக்கையில் மிளகு இன்றுவரை படுத்ததில்லை. கேரியருக்குள் அந்தக் கம்பளித் துண்டின்மேல் 3 வருடமாகப் படுக்கிறாள்.

உணவில், அது பிறந்த இடத்தில் என்ன தின்றதோ அதையே முதல் 2, 3 நாள் கொடுத்து, ஒரு வார காலத்தில் புதிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். பால் வேண்டாம். பால்குடி மறந்த குட்டிக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துபோகும், கழிச்சல் பிடிக்கும். தயிர்சோற்றிலேயே பூனை வளர்த்ததாகச் சொல்லும் பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தப் பூனை எலியும் ஓணானும் பிடித்துத் தின்று தன் கணக்கைச் சரிசெய்துகொண்டது, மூன்றாம் மாடியில் அடைபட்ட பூனைக்கு அந்த வழி இல்லை. டாரின் என்னும் சத்து இல்லாவிட்டால் பூனையின் இதயத்தசை தளர்ந்துவிடும் என்பது 1987இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அதன் பிறகே பூனை உணவு தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டினார்கள். நாய் உணவைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கும் இதுவே முதற்காரணம்.

யாருடைய பட்டியலிலும் நான் பார்க்காத ஒரு பொருள் சமையலறைத் தராசு. 8 வாரக் குட்டி ஏறக்குறைய 800 கிராம் இருக்கும், வாரத்துக்கு 100 கிராம் அளவில் கூடும். நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் எடையில் தெரிந்துவிடும். மிளகு வந்தபோது 690 கிராம்தான் இருந்தாள், குடற்புழு. வேப்பேரியில் 1903 முதல் இருந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுபோனபோது, நாய்களும் ஆடுகளும் ஒரு கிளியும் நிறைந்த வரிசையில் கேரியருக்குள் அந்தக் கம்பளித் துண்டுக்கு அடியில் புகுந்துகொண்டு சத்தமே இல்லாமல் இருந்தாள். புழு மருந்து அன்றே கொடுத்தார்கள். முதல் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை தொடர்வது முறை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வாரத்துக்குப் பிறகு. கழுத்துப் பட்டை, மணி, பந்து, சீப்பு ஆகியவற்றை எல்லாம் ஒரு மாதம் கழித்து வாங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நகம் கீறுவதற்குத் தேங்காய்நார்க் கயிற்றை ஒரு கட்டையில் இறுக்கிச் சுற்றினால் போதும். எங்கள் வீட்டில் அதுவும் வீண்தான், அவளுக்குச் சாக்குப்பை போதுமாயிருக்கிறது.

ரயிலில் எழுதிய அந்த 14 வரிகளையும் அழித்துவிட்டு, மறுநாள் அந்தத் தம்பியிடம் குட்டி இப்போது எங்கே படுக்கிறது, எதில் போகிறது, என்ன தின்கிறது என்று கேட்டேன். பட்டியல் கேட்டவரிடம் நான் கேள்வி கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். செய்யாற்றுக்குப் பக்கத்தில் தம் சித்தப்பாவின் மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் போரின் ஓரத்தில் படுப்பதாகவும், கருவாடு பிசைந்த சோறு தின்பதாகவும், எதில் போகிறது என்று யாரும் பார்த்ததில்லை என்றும் மாலையில் ஊருக்குப் பேசிச் சொன்னார். மறுபடி பேசிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள், "எருக்குழி ஓரத்து மண்ணுலங்க்கா, சித்தி பாத்திருக்காங்க" என்றார். கேரியரும் மணமில்லாத மண்ணும் ஓர் அகலத் தொட்டியும் மட்டும் வாங்கச் சொல்லி, மிச்சத்தை ஊரிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் அவர் வேலைக்கு வந்தபோது கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. மடிக்கணினிப் பையின் ஜிப்பில் மட்டும் ஒரு வைக்கோல் துரும்பு சிக்கியிருந்தது.